காயில் கட்டும் கை

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன பம்ப் மோட்டார்கள் வாசலில் கிடக்கும். அந்தக் கடைக்காரர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறார் என்று நண்பர் சொன்னார். விற்க அல்ல, ஆசைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூட்டிப்போய் அவர் முன்னால் உட்கார வைத்தார்.

கீழே வார்னிஷ் வாடை. இரும்பு ஏணியில் மச்சுக்கு ஏறினால் மரத்தூள் வாசம். சுவரில் 10 கிட்டார்கள் தொங்கின. 11ஆவது மேசைமேல் இருந்தது. பட்டறை விடுமுறை விடும் ஞாயிறுகளில் மட்டும் வேலை செய்வதால், ஒன்றை முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது அவருக்கு.

அவருக்கு வயது 61. பதினாறு வயதில் ஒரு பம்ப் கம்பெனியில் காயில் கட்டப் போனவர். 1980களில், கோயில் திருவிழாவென்றால் மெல்லிசைக் கச்சேரி நிச்சயம் இருந்த காலத்தில், ஒரு குழுவின் கிட்டார், கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் ஊமையாகிவிட்டது. "கம்பி வேலை தெரிஞ்சவன்னு எங்கிட்ட கொண்டாந்தாங்க. பிரிச்சுப் பார்த்தா உள்ளே காந்தம், அதைச் சுத்தி காயிலு. அட, நம்ம சரக்குதானுங்களே இதுன்னு தோணுச்சு" என்றார். இரண்டு ராத்திரி கண்விழித்துக் கைத்துரப்பணத்தில் மாட்டிச் சுற்றிக் கொடுத்தார். கச்சேரியன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். "நான் கட்டுன காயிலு பாடுச்சுங்க தம்பி. அதுவரைக்கும் நான் கட்டுனதெல்லாம் தண்ணிதான் எறச்சுது." அந்த ராத்திரியிலிருந்து தொடங்கியது இது.

மரவேலையை வேகமாகக் காட்டி முடித்தார். உடலுக்குப் பலா. வீணைக்கு ஆகிற மரம் இதற்கும் ஆகும் என்பது அவர் கணக்கு. விரல் பதியும் பலகைக்கு ஈட்டி. உலகெங்கும் கிட்டார் செய்கிறவர்கள் தேடி வாங்குவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தை. அதைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1990களில் தனிச் சட்டமே இயற்றியது. 2017இல் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அதனால் அவர் புது மரத்தைத் தொடுவதில்லை. இடித்த வீட்டுச் சாமான் கடையில் வாங்கிய ஒரு பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை, மூன்று கிட்டாருக்கு வந்திருக்கிறது.

அந்தப் பலகையில் ஃப்ரெட் (மெட்டு) கம்பிகளுக்குக் காடி அறுப்பதில் பிசகவே கூடாது. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம் 36.37. மிச்சத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் 12ஆவது ஃப்ரெட் சரிபாதியில், 324இல் வந்து நிற்கும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை, சுருதி விலகினால் நகர்த்திக்கொள்ளலாம். இங்கே அறுத்தது அறுத்ததுதான்.

ஆனால் அவர் முகம் மலர்ந்தது காயில் சுற்றும் மெஷினைத் திறந்தபோதுதான். தையல் மெஷின் மோட்டார் ஒன்று, விசைத்தறியிலிருந்து கழற்றிய கவுண்டர் ஒன்று, இரண்டையும் ஒரு பலகையில் பூட்டி அவரே செய்தது. கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர். தலைமுடி கனம்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் கண்ணுக்கே தெரிகிறது.

"மோட்டாருல கரண்ட்டக் குடுத்தா சுத்துது. இங்க இரும்புத் தந்தி காந்தத்துக்கு மேல ஆடுனா காயில்ல கரண்ட் வருது. அங்க போற வழியில இங்க திரும்பி வர்றோம், அவ்வளவுதான்" என்றார். பிக்கப் என்கிற அந்தச் சின்னப் பெட்டியின் இயற்பியலை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

மெஷின் ஓடியது. கம்பி அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழுக்கிப் போனது. இறுக்கினால் அறும், தளர்த்தினால் காயில் பொதபொதவென்று உப்பும். அந்த அளவு விரலுக்கு மட்டுமே தெரிந்தது. கவுண்டர் 5,800ஐத் தாண்டியபோது கம்பி அறுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டு முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தார். "ஒட்டுப் போடலாமே அண்ணா?" என்றேன். "மோட்டாருன்னா போடலாமுங்க. இது காதுக்குப் போறது" என்றார். 7,600இல் நிறுத்தினார். மீட்டரை வைத்தார். ஏறக்குறைய ஆறு கிலோ ஓம். பிறகு உருக்கிய மெழுகில் முக்கினார். மெழுகு உள்ளே இறங்காவிட்டால் சுற்றுகள் அதிர்ந்து, சத்தம் கூட்டும்போது கீச்சிடும்.

இசைக்கருவிக் கடைக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். ஒன்றுக்கு 6,000 ரூபாய் தருகிறேன், தலைப்பகுதியில் எங்கள் கடை ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறேன் என்றாராம். இவர் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கேட்டதும் எனக்குத்தான் கோபம் வந்தது. ஒரு வருட ஞாயிறுகளுக்கு 6,000 ரூபாய், செய்தவன் பெயரும் கிடையாது! இந்த ஊர் காலங்காலமாகக் காயில் கட்டிக் கொடுக்கிறது. பெட்டியில் கம்பெனி பெயர், பில்லில் டீலர் பெயர், உள்ளே சுற்றியவருக்குக் காயிலுக்கு இத்தனை என்று கூலி. வாங்கி விற்கிறவர் லாபம் பார்ப்பது தவறில்லை. செய்தவரை அழித்துவிட்டு லாபம் பார்ப்பது திருட்டு.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் வரலாறே பழுது பார்ப்பவர்களின் வரலாறு. 1950வாக்கில் திண்ணமான மர உடலோடு கிட்டார் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1956இல் அவருடைய தொழிற்சாலையில் சேர்ந்த அபிகைல் இபாரா, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கம்பெனியில் வேலை செய்து காயில் சுற்றினார். அவர் சுற்றி, தன் பெயரின் முதலெழுத்துகளை இட்ட பிக்கப்புகளை வாசிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். காயில் சுற்றிய ஒரு பெண்ணின் கைக்கு விலை உண்டு என்று அந்த உலகம் ஒப்புக்கொண்டது. கணபதியில் சுற்றும் கைக்கும் அது உண்டு.

கிளம்பும்போது, மெழுகு ஆறிய காயிலின் அடித்தட்டைத் திருப்பிக் காட்டினார். பேனாவால் தேதி, 7,600 என்ற எண், தமிழில் அவர் கையெழுத்து. கிட்டாரைப் பிரிக்காமல் யார் கண்ணிலும் படாத இடம் அது. உங்கள் வீட்டு மோட்டாரை அடுத்த முறை ரீவைண்டிங் செய்து வாங்கும்போது, காயில் கட்டியது யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.