வைக்கோலுக்காக விதைத்த கோதுமை

போன இரண்டு இதழ்களில் கேள்வி-பதில் பகுதியில் என்னைக் காணோமே என்று துறையூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி போன் போட்டு விசாரித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. சேர்ந்து கிடந்த லீவை எடுத்துக்கொண்டு, இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் படிக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். வயலைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாதவன் நான். ரயிலில் போகும்போதெல்லாம் ஆலிவ் மரங்களையும் திராட்சைப் பந்தலையும் எண்ணிக்கொண்டு வந்ததில் மகளுக்குச் சலித்துவிட்டது.

ஏப்ரல் கடைசி. ஊரில் கைவினைப் பொருள் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 1931-ல் தொடங்கியது அது. இடம், ஃபோர்டெஸ்ஸா டா பாஸ்ஸோ என்கிற கோட்டை. மெடிசி என்ற ஆளும் குடும்பம் 1530-களில் கட்டியது. "பையும் பொம்மையும் பார்த்து நான் என்னம்மா செய்ய?" என்றேன். "வாங்கப்பா, சும்மா ஒரு சுற்று" என்று இழுத்துப் போனாள்.

முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் போனது. பூப்போட்ட மண்பாண்டம், மயில்தோகை மாதிரி நிறம் ஓடும் காகிதம், வெள்ளி நகை. தோல் கடையில் மட்டும் கொஞ்சம் நின்றேன். செஸ்ட்நட் மரத்திலிருந்து எடுக்கிற துவர்ப்புச் சத்தில் தோலைப் பதனிடுகிறார்கள். நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்த அதே வேலை.

அதற்கடுத்த வரிசையில் ஒரு தொப்பிக் கடை. உள்ளே அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா உட்கார்ந்து, எதையோ பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாண் உயரத்துக்கு ஒரு கட்டு. கோதுமைத் தாள்! ஊசி மாதிரி ஒல்லியாக, தங்க நிறத்தில். நான் பார்த்த எந்தக் கோதுமைக்கும் இப்படித் தாள் கிடையாது. மகளை மொழிபெயர்க்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கோதுமைக்கு மார்சுவோலோ என்று பெயர். புளோரன்ஸுக்கு மேற்கே, ஆர்னோ ஆற்றங்கரையில் சிஞ்ஞா என்று ஓர் ஊர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே டொமினிகோ மிகெலாச்சி என்பவர், தானியத்துக்காக இல்லாமல் தாளுக்காகவே கோதுமை விதைத்தார். நாற்றங்காலில் விதையை நெருக்கிப் போட்டால் நாற்று ஒல்லியாக ஓடும், தூர் கட்டாது. நாம் தப்பு என்று சொல்வோமே, அதையே அவர் வேண்டுமென்று செய்தார். மணி முற்றுவதற்கு முன்பே பயிரை வேரோடு பிடுங்கி, சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, விசிறி மாதிரி விரித்துப் போட்டு, பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் வெளுக்க வைப்பார்கள். பிறகு கடைசிக் கணுவுக்கு மேலே, கதிர் வரைக்கும் உள்ள துண்டை மட்டும் எடுப்பார்கள். அதைப் பருமன் வாரியாகப் பிரித்து, கந்தகப் புகை காட்டி, தண்ணீரில் நனைத்துப் பின்னுவார்கள். பின்னலை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால் தொப்பி. தையல் எங்கே என்று என் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தும் தெரியவில்லை.

இந்தத் தொப்பிகள் லிவோர்னோ துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறின. ஆங்கிலேயர் அந்த ஊரை லெகார்ன் என்பார்கள். தொப்பிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆமாம், நம் பண்ணைகளில் முட்டையிடுகிற வெள்ளை லெகார்ன் கோழிக்குப் பெயர் கொடுத்ததும் அந்தத் துறைமுகம்தான். கோழிப் பயிற்சி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், அது ஓர் ஊரின் பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த அம்மா பின்னிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். பின்னல் வேலை முழுக்கப் பெண்கள் கையில்தான், வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்வது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்கியது. விலை விழுந்தது. இடையில் நின்ற வியாபாரிகள் கூலியை இன்னும் அமுக்கினார்கள். 1896 மே மாதம் ஆயிரக்கணக்கான பின்னல்காரப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு முசிறி நினைப்பு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிது. காவிரிக் கரையில் அரை ஏக்கர் கோரை வைத்திருந்த ஒரு குடும்பம். ஒரு தடவை நட்டால் பல வருஷம் வெட்டலாம். அந்த வீட்டு அக்கா தறி போட்டுப் பாய் நெய்வார். நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கோரைக் கட்டு இவ்வளவு, வாழைத்தார் இவ்வளவு. "கோரையை அழிச்சுட்டு வாழை போடுங்க." படித்தவன் சொன்னால் கேட்பார்களே, கேட்டார்கள். முதல் வருஷம் நல்ல காசு. மூன்றாம் வருஷம் ஆடிக் காற்றில் குலை தள்ளிய மரம் பாதி சாய்ந்தது. அதற்குள் தறி பரணுக்குப் போயிருந்தது. என் கணக்கில் வயல் இருந்தது. அந்த அக்கா கையில் வந்துகொண்டிருந்த பாய்க் கூலி இல்லவே இல்லை. கல்லூரியில் எனக்கு அந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை என்று சாக்குச் சொல்லலாம். கேட்டிருந்தால் அந்த அக்காவே சொல்லியிருப்பார்.

தொப்பி வாங்கவில்லை. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாக வைத்துவிட்டேன். கிளம்பும்போது அந்த அம்மா கதிரோடு ஒரு சின்னக் கட்டை நீட்டினார். விதையுள்ள கதிரை அனுமதியில்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது, நோய் வரும், பூச்சி வரும். நானே அதை மீறினால் எப்படி? மகள் எடுத்துச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, ஒரு முழம் பின்னலைக் கத்தரித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்த மறுவாரமே முசிறிக்குப் போனேன். அந்த அக்காவுக்கு இப்போது எழுபது இருக்கும். "வாங்க சார், எத்தனை வருஷமாச்சு" என்று திண்ணையில் உட்கார வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், "அட, காத்துக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார். பின்னலைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஓர் இழையை நெம்பினார்.

"நனைச்சுப் பின்னியிருக்காங்க. நல்ல கை."

கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு அந்தம்மாவுக்கு என்ன கூலி சார் நிக்குது?" என்று கேட்டார்.

தொப்பியின் விலை எனக்குத் தெரியும். விதைப்பு, அறுவடை, கந்தகப் புகை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கூலியைக் கேட்காமல் வந்திருக்கிறேன். அன்று இரவே மகளுக்குப் போன் செய்து, அந்த அம்மாவைத் தேடிப் பிடித்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.