லே நகருக்குப் போவோமா?

தென் அமெரிக்காவின் பொகோட்டா 2,640 மீட்டர் உயரத்திலும், கீட்டோ 2,850 மீட்டர் உயரத்திலும் அமைந்த தலைநகரங்கள் எனப் பள்ளிப் பருவத்தில் படித்திருக்கின்றோம். அவற்றைக் காணும் ஆவல் யாருக்குத்தான் இராது? ஆயினும், சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் திருப்பூர்க் குடும்பங்களுக்கு அவ்விமானக் கட்டணம் எட்டாக்கனியே.

ஆனால் அவ்விரண்டினும் உயர்ந்த தலைநகர் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 2019 அக்டோபர் 31 முதல் யூனியன் பிரதேசமாக விளங்கும் லடாக்கின் லே நகரே அது. அதன் உயரம் சுமார் 3,500 மீட்டர். நம் உதகையோ 2,240 மீட்டர்தான். லே செல்ல விசா வேண்டியதில்லை.

சிக்கனமாகச் செல்ல இரு வழிகள் உண்டு. கோவையிலிருந்து தில்லி வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து லே விமானம் ஏறலாம். அன்றேல், திருப்பூர் வழியாகவே புதுதில்லி செல்லும் கேரளா எக்ஸ்பிரஸில் பயணம் செய்து, தில்லிக்கு அப்பால் மட்டும் வானில் பறக்கலாம். இரயில் தாமதமாகலாம் ஆதலால், தில்லியில் ஒரு நாள் இடைவெளி விடுவது நலம். லேயில் மலைக்காற்றும் வானிலையும் விமானங்களைத் தடுப்பதுண்டு; எனவே திரும்பும்போதும் ஒரு நாள் கையிருப்பாக இருக்கட்டும். மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். தீபாவளி விடுமுறை நமக்கு வசதியாயினும், அப்போது அங்கே கடுங்குளிர்.

பயணச்சீட்டில் சிக்கனம் தகும். நாட்களில் சிக்கனம் தகாது. சுமார் 300 மீட்டர் உயரத்தில் வாழும் நாம், ஒன்றரை மணி நேரத்தில் அவ்வுயரத்தில் இறங்குகின்றோம். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றலாம். முதல் இரு நாட்களும் ஓய்வு கட்டாயம். ஓய்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ தாமதியாமல் மருத்துவமனையை நாட வேண்டும். தாழ்நிலத்துக்கு இறங்குவதே முதன்மையான சிகிச்சை. இருதய நோயாளரும், நுரையீரல் நோயாளரும், முதியோரும் பயணச்சீட்டு வாங்குமுன்பே மருத்துவரைக் கேட்பது அவசியம். வீட்டுப் பெரியவரை அழைத்துச் செல்லும் ஆசை நல்லதே. அதனினும் மேலானது அவரைப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவது.

“ஏற்றுமதித் தேதி தவறக்கூடாது” என்று இரவு ஷிப்டும் பார்க்கும் நம்மவர்க்கு, சும்மா இருப்பது வீணாகத் தோன்றும். நான்கே நாளில் அனைத்தையும் காட்டுவதாகக் கூறும் மலிவான திட்டங்கள் அந்த அவசரத்தையே விற்கின்றன. 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட கர்துங் லா கணவாயை இறுதி நாட்களுக்கு ஒதுக்குவோம்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்ப் பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். குளிரில் அது உடலை நடுக்கும். அங்கே கம்பளி உள்ளாடையே ஏற்றது. நூலின் நயம் அறிந்த நம் மக்கள், சாங்தாங் மேட்டுநில ஆடுகளின் மென்மயிரால் நெய்த பஷ்மினாவைத் தொட்டுப் பார்க்காமல் திரும்பலாகாது. செங்கே நம்கியால் மன்னர் காலத்து ஒன்பது அடுக்கு அரண்மனையும் காணத்தக்கது.

அந்நகருக்கும் தமிழகத்துக்கும் ஓர் அரிய தொடர்பு உண்டு. இத்தாலிய சேசு சபைக் குரு இப்போலித்தோ தெசிதேரி 1714இல் தில்லியிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீநகரில் பனிக்காலத்தைக் கழித்து, 1715 ஜூன் இறுதியில் லே வந்தடைந்தார். பின்னர் திபெத்தின் லாசா சென்றார். அவரே பிற்காலத்தில் புதுச்சேரி வந்து தமிழ் பயின்றார். ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரின் முத்திப்பேறு பட்டத்துக்கான பணிக்காக 1727இல் உரோமைக்கு அனுப்பப்பட்டவரும் அவரே.

அக்குரு மாதக்கணக்கில் கடந்த தொலைவை நாம் ஒரு காலைப்பொழுதில் கடக்கின்றோம். வாகனம் மாறிவிட்டது, மனித உடல் மாறவில்லை. அது கேட்கும் இரண்டு நாட்களை மனமுவந்து கொடுப்போமாக.