எந்த முட்டி?

எங்கள் எதிர் வீட்டுப் பெண் தினமும் வேப்பம்பட்டில் லோக்கல் ரயிலேறி அம்பத்தூர் போகிறாள். மெடிக்கல் கோடிங் வேலை. "அப்போ டாக்டருக்குப் படிச்ச பெண்ணா?" என்று கேட்பவர்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடுவது அவள் வேலை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும்.

இந்த எண்களின் பூர்வீகம் பாரிஸ். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மரணக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து 1893இல் சிகாகோவில் சர்வதேசப் புள்ளியியல் கழகத்தின் முன் வைத்தவர் ழாக் பெர்த்தியோன். குற்றவாளிகளை உடல் அளவுகளால் அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்த அல்போன்ஸ் அவர் தம்பி. அந்தப் பட்டியல்தான் திருத்தித் திருத்தி இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் பத்தாவது பதிப்பைத் தங்களுக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கர்கள் பயன்படுத்துகிறார்கள்.

விளையாட்டுக் காயங்களில் அவர்களுடைய நுணுக்கத்தைப் பாருங்கள். முட்டியின் முன் ஜவ்வு வலது காலில் கிழிந்தால் எஸ்83.511, இடது காலில் என்றால் எஸ்83.512. கடைசியில் ஓர் எழுத்து: சிகிச்சை நடக்கும்போது ஏ, ஆறி வரும்போது டி, பின்விளைவுக்கு எஸ். எந்தப் பந்து பட்டது என்பதற்கும் எண் உண்டு. பேஸ்பாலுக்கு ஒன்று, கோல்ஃப் பந்துக்கு ஒன்று. நம் கிரிக்கெட் பந்து 'இதர பந்துகள்' கணக்கில் போகிறது! கபடிக்கும் தனி எண் கிடையாது.

டாக்டர் வலதா இடதா என்று எழுதாவிட்டால் இவள் ஊகித்துப் போடக் கூடாது. அவரிடமே எழுதிக் கேட்க வேண்டும். எழுதாதது நடக்காதது என்பது அவர்கள் தொழிலில் வேதவாக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்த குமாஸ்தா எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவளின் தம்பி கபடி ஆடுகிறவன். போன வருஷம் ரெய்டு போனபோது காலைப் பிடித்து மடக்கிவிட்டார்கள். அன்று போய்ப் பார்த்த இடத்தில் கொடுத்த சீட்டில் 'முட்டி வலி, வீக்கம், ஓய்வு' என்று நான்கே வார்த்தை. எந்த முட்டி, எப்படி அடிபட்டது, ஒன்றும் இல்லை. வீக்கம் வடிந்ததும் பையன் மறுபடி ஆடினான். திரும்பும்போதெல்லாம் கால் நழுவியது. 'பயப்படுகிறான்' என்றார்கள் கூட ஆடுகிறவர்கள். அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று அந்த வீடே நம்பியிருந்தது.

அக்காக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து விசாரித்தாள். நானும் கூட இருந்தேன். கால் தரையில் ஊன்றியிருந்ததா? உடம்பு எந்தப் பக்கம் திரும்பியது? 'டக்' என்று சத்தம் கேட்டதா? எத்தனை மணி நேரத்தில் வீங்கியது? "சத்தம் கேட்டுச்சு தாத்தா, யாரும் கேக்கலையேன்னு சொல்லல" என்றான் என்னைப் பார்த்து. எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே பக்கத்தில் எழுதினாள். அதை வாங்கிப் படித்த எலும்பு டாக்டர், முட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினார். இடது முட்டி, முன் ஜவ்வு முழுக் கிழிசல்.

அமெரிக்கப் பள்ளிப் பையன்களின் முட்டிகளை வலது இடது பிரித்து நாள் முழுக்க எழுதும் ஊரில், நம் பையனின் முட்டிக்கு நான்கு வார்த்தை. இது எனக்கு ஆறவில்லை. சீட்டு எழுதியவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தை நானும் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபி போய்க்கொண்டிருக்கிறான். ஒன்பது மாதமாவது ஆகாமல் களம் பக்கம் போகக் கூடாதாம். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அக்கா ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அணியில் யாருக்கு அடிபட்டாலும் அவன்தான் எழுத வேண்டும். நேற்று வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பதிவு: 'வலது கணுக்கால், உள்பக்கம் மடங்கியது, மாலை 5.40, சத்தம் இல்லை.'