ஒரு முழமும் இரண்டு சைக்கிள்களும்

ஒரு பொருளின் விலையைச் சொல்வது எளிது. அதன் மதிப்பைச் சொல்ல, அதை யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்று முதலில் கேட்கவேண்டியிருக்கிறது. இரண்டு சைக்கிள்களுக்கிடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் செலவழித்த மூன்று வாரங்களில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான். நாற்பத்தாறு வயதில் ஒருவன் சைக்கிள் வாங்குவது ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசத்தக்க விஷயமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உடலைப் பற்றிய எதுவும் பேசத்தக்கதே என்பது என் எண்ணம்.

நான் வசிக்கும் சான் டியாகோவில்தான் ட்ரையத்லான் என்ற விளையாட்டு அந்தப் பெயரோடு பிறந்தது. 1974 செப்டம்பர் 25 அன்று மிஷன் பே விரிகுடாக் கரையில் 46 பேர் ஓடி, சைக்கிள் மிதித்து, நீந்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1978-ல், ஹவாயின் ஓவாஹூ தீவில் 15 பேர் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, பின் முழு மாரத்தானும் ஓடப் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். அயர்ன்மேன் என்று இன்று உலகம் அறிவது அதைத்தான். என் இலக்கு அதில் பாதி: ஓஷன்சைடு நகரில் நடக்கும் பந்தயம். 1.9 கிலோமீட்டர் கடல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்.

இதற்கென்று தனியாக ஒரு சைக்கிள் எதற்கு? பெரும்பாலான ட்ரையத்லான்களில் முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து ஒதுங்க அனுமதியில்லை. அவரவர் காற்றை அவரவரே கிழிக்கவேண்டும். காற்றை எதிர்க்கத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. பத்து விழுக்காடு கூடுதல் வேகத்துக்கு ஏறத்தாழ முப்பத்துமூன்று விழுக்காடு கூடுதல் ஆற்றல் வேண்டும். ஆகவே முழங்கைகளை முன்னால் ஊன்றி, முதுகைத் தாழ்த்தி, நீண்ட கம்பிகளைப் பற்றிக்கொள்ளும் அமைப்பு வந்தது. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் இத்தகைய கம்பிகளோடு 24.5 கிலோமீட்டர் சென்று, 50 வினாடி பின்தங்கியிருந்தவர், 8 வினாடி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார். அவருக்கு முன்பே ட்ரையத்லான்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். சாதாரணப் பந்தய சைக்கிளில் 73 பாகையளவில் இருக்கும் இருக்கைக் குழாயின் கோணம் இதில் 78 பாகையை ஒட்டி நிமிர்ந்திருக்கும். இருக்கை முன்னே நகர்வதால், குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிப்பதில்லை. இறங்கியபின் ஓடுவதற்குக் கால்கள் மிஞ்சுகின்றன.

என் முன்னால் இருந்த முதல் சைக்கிள் கார்பன் இழையாலானது. ஒருவர் இரண்டு பருவம் ஓட்டியது. புதிதாக 6,000 டாலருக்குமேல் கொடுத்து வாங்கியதை 2,600-க்குத் தருவதாகச் சொன்னார். கத்திபோல் மெலிந்த குழாய்கள், ஆழமான சக்கரங்கள், மின்விசையில் மாறும் பல்சக்கரங்கள். சுவரில் சாய்ந்து நிற்கும்போதே அது விரைவதுபோலிருந்தது. இரண்டாவது, கடையில் முந்தைய ஆண்டு மாதிரி, அலுமினியச் சட்டகம், கம்பிவடத்தால் இயங்கும் சாதாரண உதிரிகள். 1,900 டாலர். அதைப் பற்றிக் கவிதை எழுத எவருக்கும் தோன்றாது.

விற்பவர்கள் 54, 56 என்று அளவு சொல்வார்கள். ஒரே எண் இரண்டு நிறுவனங்களில் இரண்டு பொருள் தரும். நம்பத்தக்கவை இரண்டு அளவுகளே. பெடல் அச்சின் மையத்திலிருந்து முன்குழாயின் உச்சிவரை செங்குத்தான உயரம். இதை ஸ்டாக் என்கிறார்கள். அதே மையத்திலிருந்து அதே உச்சிக்குக் கிடைமட்டத் தொலைவு, இது ரீச். முதலாவது கை எவ்வளவு தாழும் என்பதையும், இரண்டாவது உடல் எவ்வளவு நீளும் என்பதையும் தீர்மானிக்கிறது. சைக்கிள் பார்க்கப் போவதற்கு முன்பே 250 டாலர் கொடுத்து, எல்லாப் பக்கமும் நகரக்கூடிய ஒரு நிலைச் சைக்கிளில் என்னை அளந்துகொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த எண்கள்: ஸ்டாக் 530 மில்லிமீட்டர், ரீச் 405. கார்பன் சைக்கிளின் எண்கள் 500, 430. அலுமினியம் 528, 404.

முப்பது மில்லிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலம். அதை ஏன் பெரிதுபடுத்துகிறேன் என்றால், இரண்டாண்டுகளுக்கு முன் என் கழுத்துத் தண்டுவட்டு ஒன்று பிதுங்கி, இடது கை மரத்துப்போய் நான்கு மாதங்கள் கிடந்தேன். குனிந்த முதுகின்மேல் தலையை நிமிர்த்தி மூன்று மணிநேரம் சாலையைப் பார்ப்பதன் பொருள் என்ன என்று அந்தக் கழுத்துக்குத் தெரியும். கார்பன் சைக்கிளின் படத்தை மனைவியிடம் காட்டியபோது அவள் விலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “கழுத்துப் பட்டையோட ஆபீஸ் போனது மறந்துபோச்சா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

வளையங்களை அடுக்கிக் கைப்பிடியை உயர்த்தலாமே என்றார் விற்பவர். உண்மைதான். முன்குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முப்பது மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் பின்னாலும் வரும். அப்போதும் பதினாறு மில்லிமீட்டர் மிச்சம். குட்டையான ஸ்டெம் போட்டு அதைச் சரிக்கட்டலாம். ஆனால் அந்தச் சைக்கிளில் ஸ்டெம் கைப்பிடியோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் உதிரியைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. கார்பனில் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் நான் சைக்கிள் கற்றது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த வண்டியில். 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டு அளவுகள். இரண்டுமே பெரியவர்களுக்கானவை. குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, உடலைக் கோணலாக்கி, குரங்குப் பெடல் போட்டோம். சைக்கிளுக்கு உடலை வளைப்பது அந்த வயதில் கொண்டாட்டம். முழம், சாண் என்று உடலையே அளவுகோலாக வைத்திருந்த மொழியில் வளர்ந்தும், பொருளுக்கேற்ப நம்மைத் திருத்திக்கொள்வதையே திறமை என்று பழகிவிட்டோம் போலும். பழைய சைக்கிள்காரர்கள் இருக்கையின் முனையில் முழங்கையை வைத்து, நீட்டிய விரல்நுனி கைப்பிடியைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டாக்கும் ரீச்சும் அந்த முழத்தின் துல்லியமான வாரிசுகள்தாம்.

இன்னொரு கணக்கும் இருந்தது. ஓட்டும்போது ஏற்படும் காற்றுத் தடையில் பெரும்பகுதி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, சைக்கிளால் ஏற்படுவதில்லை. மனித உடலால் ஏற்படுவது. கத்திபோன்ற குழாய்கள் வெட்டிக் குறைப்பது மீதிக் காற்பங்கில் ஒரு சிறு பகுதியை. வலி தாளாமல் பத்து நிமிடத்துக்கொருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த ஆதாயம் அங்கேயே கரைந்துவிடும். மாறாக, மிச்சமாகும் 700 டாலரில் நல்ல டயர்கள், காற்றியல் தலைக்கவசம் இரண்டும் வாங்கலாம். கொடுக்கும் பணத்துக்கு மிகுதியான வேகத்தைத் தருபவை அவைதாம்.

அலுமினியத்தை வாங்கினேன். ஃபியெஸ்டா தீவைச் சுற்றும் ஒருவழிச் சாலையில் இப்போது சனிக்கிழமைகளில் தலையைத் தாழ்த்தியபடியே ஒன்றரை மணிநேரம் ஓட்டமுடிகிறது. இடது கை மரக்கவில்லை. அருகே மெலிந்த கார்பன் சைக்கிள்கள் ‘விர்’ரென்று என்னைக் கடந்துபோகையில் ஓர் ஏக்கம் எழுவதை மறைக்கவும் வேண்டியதில்லை. அழகானவற்றின்மேல் வரும் ஏக்கம் அது. கழுத்து அதைப் பொறுத்துக்கொள்கிறது.

அந்தக் கார்பன் சைக்கிள் பத்து நாளில் விற்றுப்போயிற்று. வாங்கியவர் தன்னைவிட உயரமானவர், நீண்ட கைகள், முப்பது வயதுகூட இராது என்று விற்றவர் எழுதியிருந்தார். அப்படியானால் 2,600 டாலருக்கு அது மிக மலிவு.