காளையோடு பிறந்த கிடாரி

காஸ்வே நெரிசலில் பேருந்து நின்றிருந்தபோது கூலாயிலிருந்து சித்தப்பா படம் அனுப்பினார். அவருடைய மாடு இரட்டைக் கன்று போட்டிருந்தது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. செம்பனை மரங்களுக்கடியில் மேயவிட்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்கும் மாடுகள் அவை. இறைச்சி மாடுகளில் நூறு ஈற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இரட்டை வரும். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கிடாரியை இனத்துக்கு வெச்சுக்கப் போறேன்டா" என்றார்.

எனக்குப் பாட்டியின் கொட்டகை நினைவுக்கு வந்தது. லயத்து வீட்டுக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு ஜோடி பிறந்தது. கிடாரிக்குக் கறுப்பி என்று பெயர். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் தின்று பளபளவென்று வளர்ந்தாள், பருவத்துக்கே வரவில்லை. பாட்டி தினமும் காலையில் அவளை 'மலடு' என்று திட்டுவார். அந்தச் சொல் கொட்டகையோடு நிற்காது. கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் பிள்ளையில்லாமல் எங்களோடு இருந்த அத்தை, சாணி அள்ளும் கூடையோடு அங்கேதான் நிற்பார்.

காரணம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மாட்டின் கருப்பையில் இரட்டையரின் நஞ்சுக்கொடிகள் ஒட்டி இரத்தக் குழாய்கள் இணைந்துவிடும். காளையின் ஹார்மோன் கிடாரிக்குள் பாய்ந்து அதன் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாது. காளையோடு பிறக்கும் கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படித்தான். ஜான் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1779இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். (மனிதரில் அண்ணன் தங்கையாகப் பிறக்கும் இரட்டையருக்கு இந்தச் சிக்கல் இல்லை, பயப்பட வேண்டாம்.)

சித்தப்பாவை அழைத்துச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. கால்நடை மருத்துவர் சோதித்தால் கன்றாக இருக்கும்போதே தெரிந்துவிடும், தேறாவிட்டால் காளையோடு சேர்த்து வளர்த்து விற்கலாம் என்றேன். அவர் கவனிக்க வேண்டியது தாயைத்தான். மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். இரண்டைச் சுமந்து இரண்டுக்குப் பால் கொடுக்கும் மாடு எலும்பு தெரிய இளைத்துப் போனால் பருவத்துக்கு வராது. மேய்ச்சல் புல் மட்டும் போதாது, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் வேண்டும்.

இரவு வீட்டில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு இப்போது எழுபது வயது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப கறுப்பி பொறக்குறதுக்கு முன்னாடியே அப்படியா?"

"ஆமா அத்தை. வயித்துக்குள்ளயே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நஞ்சுக்கொடி சுத்தமா விழுந்துச்சான்னு உன் சித்தப்பாகிட்ட கேளு. இரட்டைன்னா சிலசமயம் தங்கிடும்" என்றார்.