பறங்கிப்பேட்டைக்கு வந்து சேரும் சரக்குகள்

சிதம்பரம் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கிருந்து பேருந்து ஏறிப் பறங்கிப்பேட்டைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த பழம்பெரும் துறைமுகம் அது. போர்த்துக்கீசியர் போர்ட்டோ நோவோ என்றனர். 1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிக்கொண்டது இவ்வூரின் அருகில்தான். பாய்மரக் கப்பல்கள் நங்கூரமிட்ட காலம் மலையேறிவிட்டது. கடைத்தெருவையும் பள்ளிவாசல்களையும் கடந்து கரையோரம் வந்து நின்றால், வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் கழிமுகம் விரிந்து கிடக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இவ்வூரில்தான் இருக்கிறது.

இத்துறைக்கு இன்றும் சரக்கு வருகிறது. ஆறு சுமந்து வருகிறது. ஆத்தூரைத் தொட்டு வரும் வசிட்ட நதியும், சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. விருத்தாசலத்து மணிமுத்தாறும் அதில் சேர்கிறது. வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும், வயல்களின் வடிநீரும் கடைசியில் சேருமிடம் இக்கழிமுகமே.

இச்சரக்கைக் கணக்கெடுத்த பழைய வரலாறு ஒன்று உண்டு. நெற்பயிருக்கு உழவர்கள் தூவிய பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லி எங்கே போகிறது என்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக அறிஞர்களும் சேர்ந்து இங்கே ஆராய்ந்தார்கள். 1991-இல் வெளிவந்த முடிவு வியப்பூட்டுவது. தூவியதில் 99.6 விழுக்காடு காற்றில் ஆவியாகிப் போயிற்று. கழிமுகத்துக்கு வந்தது வெறும் 0.4 விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி மீண்டும் ஆவியாகி, கடலை அடைந்தது ஏறத்தாழ 0.1 விழுக்காடே! நம் வெயில் கடலைக் காத்துவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. ஆவியான நஞ்சு காற்றேறிக் குளிர்நாடுகள் வரை போய்ப் படியக்கூடியது. 1997-இல் இந்தியா அம்மருந்தைத் தடை செய்தது.

இப்போதைய சரக்கோ நம் குளியலறையிலிருந்தும் மருந்துப் பெட்டியிலிருந்தும் கிளம்புகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளாறு, காவிரி, தாமிரபரணி ஆறுகளிலும், பறங்கிப்பேட்டைக்குத் தெற்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் நீரை எடுத்துச் சோதித்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் தேடியவை மூன்று: கிருமிநாசினியாகச் சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்டு வந்த டிரைக்ளோசான், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபைன், அழகுப் பொருள்கள் கெடாதிருக்கச் சேர்க்கும் பாராபென்கள். டிரைக்ளோசானைப் பொறுத்தவரை தாமிரபரணி மற்ற ஆறுகளை வெகுவாக விஞ்சி நின்றது. இதே டிரைக்ளோசானைக் கடைகளில் விற்கும் கிருமிநாசினிச் சோப்புகளில் சேர்க்கலாகாதென அமெரிக்க அரசு 2016-இல் ஆணையிட்டது.

இவற்றைக் கண்டறிவது எளிதன்று. அளவு நானோகிராமில் வரும். லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால், 100 கோடி லிட்டர் நீரில் ஒரு கிராம் கரைந்த அளவு! பிளாஸ்டிக் கலனிலிருந்தே வேதிப்பொருள் கசியலாம் என்பதால் கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். மாதிரி எடுப்பவர் வாசனைச் சோப்போ, களிம்போ தடவிய கையோடு போனால் கணக்கே பிழையாகிவிடும். இதற்காகத் தூய நீர் நிரப்பிய புட்டி ஒன்றும் கூடவே பயணம் செய்து திரும்பும். அதிலும் டிரைக்ளோசான் தென்பட்டால், குற்றம் ஆற்றினுடையதன்று! ஆய்வுக்கூடத்தில், நீரிலுள்ள பொருள்களை உறிஞ்சிப் பிடிக்கும் சிறு குழாய் வழியே நீரைச் செலுத்தி, பிடிபட்டதைக் கரைப்பானால் கழுவியெடுத்து, காஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள் அனுப்புவார்கள். அது கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும். அதனோடு இணைந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், மூலக்கூற்றை உடைத்துத் துண்டுகளின் எடையால் ஆளை அடையாளம் காட்டும்.

நீரை மட்டும் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். டிரைக்ளோசான் நீரில் நிற்க விரும்பாமல் சேற்றிலுள்ள மக்கிய பொருளோடு ஒட்டிக்கொள்ளும். கார்பமசெபைனோ நீரோடு நீராகவே போகும். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் எளிதில் மசியாது. எங்கோ மேட்டூரில் ஒருவர் விழுங்கிய மாத்திரையின் மிச்சமும் இவ்வாறு காவிரியோடு கடல் நோக்கி வரக்கூடும்.

எண்ணைக் கண்டதும் இறாலையும் நண்டையும் விலக்கிவிட வேண்டியதில்லை. நீரில் ஒரு பொருள் இருப்பது வேறு, உண்பவருக்குத் தீங்கு நேர்வது வேறு. ஆயினும் டிரைக்ளோசான் முதலில் தாக்குவது நுண்பாசிகளை. அப்பாசியைத் தின்றே இறால் குஞ்சு வளர்கிறது. அந்த இறாலை நம்பியே இக்கரையின் அடுப்புகள் எரிகின்றன. ஆகவே ஒருமுறை அளந்து ஏட்டில் பதித்ததோடு நிறுத்தாமல், மழைக்காலத்திலும் கோடையிலும், ஏற்றத்திலும் வற்றத்திலும் ஆண்டுதோறும் அளந்து வருவதே முறை என்பது என் எண்ணம்.

அதற்கு உதவியாகச் சேற்றில் நீண்ட குழாயைச் செங்குத்தாக இறக்கி, வண்டலை அடுக்குக் குலையாமல் எடுக்கும் வழக்கமும் உண்டு. அடியிலுள்ளது பழைய ஆண்டு, மேலேயுள்ளது புதிய ஆண்டு. ஆனால் பிச்சாவரத்துக் கால்வாயோரம் படகில் போகும்போது சேற்றைக் கூர்ந்து பாருங்கள். எங்கு நோக்கினும் நண்டு வளைகள். அவை இரவு பகலாய்த் தோண்டி அந்த அடுக்குகளையெல்லாம் கலைத்துக்கொண்டிருக்கின்றன. குழாயை இறக்குமுன் நண்டு எட்டாத இடம் தேடுவதிலேயே ஆய்வாளருக்குப் பாதிப் பொழுது கழிந்துவிடும்.