கட்டணத்தில் அடங்காதது

சென்ற கோடை விடுமுறையில் அப்பா எங்களை மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். உணவு, நீச்சல், விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கமாம். அதற்காக அவர் ஓராண்டு சேமித்திருந்தார். போனதும் எங்கள் கையில் காகிதப் பட்டை கட்டினார்கள். நீச்சல் குளத்திலோ தண்ணீர் இல்லை. கடலோரத்தில் சிவப்புக் கொடி. மறுநாள் காலை இட்லியும் ஆறிப்போயிருந்தது. "இதற்குத்தானா இவ்வளவு பணம்?" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை, 8-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலைக் கண்டோம். வெளியே ஒரு பாட்டியிடம் மாங்காய்ச் சுண்டல் வாங்கினோம். "இது கட்டணத்தில் சேராது!" என்று அப்பா சிரித்தார். காலைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

விடுதி எங்களை ஏமாற்றியது உண்மை. ஆனால், அப்பாவின் முகத்தை வாடச் செய்தது விடுதி அன்று, என் நாவே. அன்றிரவே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.